தூரத்திலிருந்து தெரிகிறவர்கள்

சாதனைப் பெண்களைப் பற்றிய புத்தகங்களில் வானியலுக்கென ஓர் அத்தியாயம் இருந்தால், அதில் யாரெல்லாம் வருவார்கள் என்று பக்கத்தைத் திருப்பாமலே சொல்லிவிடலாம். ஹென்ரியேட்டா லெவிட், ஆனி ஜம்ப் கேனன், சிசிலியா பெய்ன், வேரா ரூபின். கொஞ்சம் விரிவான புத்தகமென்றால் வில்லியமினா ஃப்ளெமிங்கும் சேர்ந்துகொள்வார். ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு பக்கம், ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். பிறப்பு, வறுமை அல்லது நோய், அவமதிப்பு, கண்டுபிடிப்பு, தாமதமாக வந்த அங்கீகாரம் என்ற வரிசை மாறுவதே இல்லை. இந்தப் புத்தகங்களை நானும் வாங்குகிறேன், மாணவிகளுக்குப் பரிசாகவும் கொடுக்கிறேன். அவற்றின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் அதே நான்கைந்து பேரைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது, இந்தப் பெயர்கள் மட்டும் எப்படி நம் கைக்கு வந்து சேர்ந்தன என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

ஒரு பட்டியலைப் பார்த்ததும் அதில் இருப்பவர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன், இது பட்டியலுக்குள் வந்தது எப்படி, வராமல் போனது எது என்று கேட்பது புள்ளியியலாளரின் பழக்கம். அந்தக் கேள்வியை நட்சத்திரங்களிடமும், கேலக்ஸிகளிடமும், கடைசியில் பல்கலைக்கழகச் சம்பளப் பட்டியலிடமும் கேட்டவர் எலிசபெத் ஸ்காட் (1917–1988). வானியலில் முனைவர் பட்டம் பெற்று, புள்ளியியல் பேராசிரியராக வாழ்ந்தவர். நம் புத்தகங்களில் அவர் பெரும்பாலும் இல்லை. வானியல் அத்தியாயம் எழுதுகிறவர்களுக்கு அவர் கணக்குப் போடுகிறவர். கணிதம் பற்றி எழுதுகிறவர்களுக்கோ அவர் ஏதோ நட்சத்திர ஆராய்ச்சி செய்தவர். அவர் விடுபட்டதற்கான காரணம், வானியலாளர்களும் புள்ளியியலாளர்களும் சேர்ந்து வேலை செய்த விதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த உறவு ஒரு காலத்தில் உறவாகக்கூட இல்லை, இருவரும் ஒரே ஆளாக இருந்தார்கள். 1801இல் சீரிஸ் சில வாரங்கள் மட்டும் தெரிந்துவிட்டுச் சூரிய ஒளியில் மறைந்தபோது, அது மறுபடி எங்கே தோன்றும் என்று கணக்கிட்டுச் சொன்னவர் காஸ். பிழை கலந்த அளவுகளிலிருந்து உண்மையை நெருங்கும் ‘குறைந்த வர்க்க முறை’யை லெஜாந்தர் 1805இல் வெளியிட்டது வால்மீன்களின் பாதையைப் பற்றிய நூலில்தான். பிழையின் கணக்கை எடுத்து மனிதர்களின் உயரத்துக்கும் குற்றங்களுக்கும் பொருத்திப் பார்த்த கெட்லே, பிரஸ்ஸல்ஸ் வானாய்வகத்தை நடத்தியவர். பிறகு பாகப்பிரிவினை நடந்தது. புள்ளியியல் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் போனது. வானியல் இயற்பியலோடு சம்பந்தம் செய்துகொண்டது.

பிரிந்த பிறகு ‘பார்ப்பவர்’ ஒருவர், ‘எண்ணுபவர்’ ஒருவர் என்று ஆனது. பார்ப்பது வீரச்செயல். குளிரில், இரவில், மலை உச்சியில், தனியாக. எண்ணுவது வீட்டு வேலை. பகலில், மேசையில், கூட்டமாக, கூலிக்கு.

ஹார்வர்ட் வானாய்வகத்தில் இது அப்பட்டமாகவே நடந்தது. இரவில் தொலைநோக்கியில் ஆண்கள் படம்பிடித்தார்கள். பகலில் அந்தக் கண்ணாடித் தகடுகளை ஒளியில் வைத்து, புள்ளி புள்ளியாக அளந்து குறித்தவர்கள் பெண்கள். இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்கின் காலத்தில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். மணிக்கு 25 சென்ட் கூலி, லெவிட்டுக்கு 30. அவர்கள் எல்லோருக்கும் மேற்பார்வையாளராக இருந்த ஃப்ளெமிங், 1900இல் எழுதிய நாட்குறிப்பில் தன் சம்பளத்தைப் பற்றிக் குமுறுகிறார். அவருக்கு ஆண்டுக்கு 1500 டாலர், ஆண் உதவியாளர்கள் சிலருக்கு 2500. கேட்டால், பெண்களுக்கு இது நல்ல சம்பளம்தானே என்று பதில் வந்ததாம். டாவா சோபெல் 2016இல் வெளியிட்ட ‘த கிளாஸ் யூனிவர்ஸ்’ இந்தக் கடிதங்களையும் குறிப்புகளையும் பொறுமையாகத் தொகுத்துச் சொல்கிறது. நல்ல புத்தகம். அதிலிருந்து கிளைத்த சிறு கட்டுரைகளிடம்தான் எனக்கு வழக்கு.

அந்தக் கட்டுரைகள் லெவிட்டைப் புகழும் சொற்களைக் கவனியுங்கள்: பொறுமை, அர்ப்பணிப்பு, கூர்மையான கண். நல்ல மருமகளைப் புகழும் சொற்கள் இவை. அவர் செய்தது என்ன? ஒளி கூடிக் குறையும் ஒருவகை நட்சத்திரங்களில், ஒளி அதிகமானவை மெதுவாகத் துடிக்கின்றன என்பதை 1912இல் 25 நட்சத்திரங்களைக் கொண்டு காட்டினார். அந்த 25உம் சிறிய மெகல்லன் மேகத்தில் இருப்பவை. கண்டுபிடிப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வானத்தில் ஒரு நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தால், அது உண்மையிலேயே மங்கலா, அல்லது தூரத்தில் இருப்பதால் மங்கலா என்று சொல்ல முடியாது. ஒரே மேகத்துக்குள் இருப்பவை எல்லாம் நமக்கு ஏறத்தாழ ஒரே தூரம். ஆகவே அவற்றுக்கிடையே தெரியும் வித்தியாசம் உண்மையான வித்தியாசம். தூரம் என்ற குழப்பத்தை ஒரே வீச்சில் நீக்கிவிட்டு ஒப்பிடும் இந்த யோசனை கண்ணுடைய வேலையும் பொறுமையின் வேலையும் அன்று, புள்ளியியல் சிந்தனை. இதைப் ‘பொறுமை’ என்று எழுதுகிறவர்கள் அவரைப் புகழவில்லை, அவருடைய மூளையை மறைக்கிறார்கள். அந்த உறவை அளவுகோலாக மாற்றும் அடுத்த அடியை எடுத்து வைத்தவர் டென்மார்க்கின் ஹெர்ட்ஸ்ப்ரங். நம் அருகிலுள்ள 13 நட்சத்திரங்களின் அசைவைச் சராசரி எடுத்து 1913இல் செய்தார். லெவிட்டுக்கு பிக்கரிங் கொடுத்தது வேறு வேலை: நட்சத்திர ஒளியளவுக்குத் தரவரிசை தயாரிப்பது.

பெயர் வைப்பதிலும் இந்தப் பிரிவினை தொடர்கிறது. ஆனி கேனன் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை வகைப்படுத்தினார். பட்டியலின் பெயர் ஹென்றி டிரேப்பர் பட்டியல். டிரேப்பர் 1882இலேயே இறந்துபோனவர். அவருடைய மனைவி ஆனா கொடுத்த பணத்தில், கேனனின் உழைப்பில் உருவான பட்டியலுக்கு, செத்துப்போன கணவரின் பெயர். இதோடு கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தை ஒப்பிடலாம். அங்கே டொனால்ட் ஷேனும் கார்ல் விர்ட்டனனும் தகடுகளில் தெரிந்த கேலக்ஸிகளைக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொடுகிறது. கேனன் செய்ததைப் போலவே அலுப்பூட்டும் உழைப்பு. ஆனால் அதன் பெயர் ‘ஷேன்–விர்ட்டனன் எண்ணிக்கை’. ஆண் எண்ணினால் எண்ணியவர் பெயர் நிற்கிறது.

ஸ்காட்டின் கதை இந்த லிக் எண்ணிக்கையோடு வந்து சேர்கிறது.

அவர் பெர்க்லியில் 1939இல் வானியலில் பட்டம் பெற்றார். மாணவியாக வால்மீன்களின் பாதையைக் கணக்கிட்டுக் கட்டுரைகள் வெளியிட்டார். வானியலாளர் ஆவதே விருப்பம். ஆனால் பெரிய தொலைநோக்கிகளில் பெண்களுக்கு நேரம் ஒதுக்கும் வழக்கமே இல்லை. அது எத்தனை காலம் நீடித்தது என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். 1955இல் மார்கரெட் பர்பிட்ஜ் மவுண்ட் வில்சனில் நட்சத்திரம் பார்த்தபோது, அனுமதி அவருடைய கணவர் ஜெஃப்ரியின் பெயரில் இருந்தது. கணவர் கோட்பாட்டு இயற்பியலாளர். தொலைநோக்கி வேலை மனைவியுடையது. காகிதத்தில் மட்டும் அவர் உதவியாளர். 1965இல்தான் வேரா ரூபின் தன் பெயரிலேயே அனுமதி பெற்று பாலமோரில் ஏறினார். பெண்களுக்குத் தனிக் கழிவறை இல்லை என்பது அதுவரை சொல்லப்பட்ட காரணம். (இரவில் வெளியே தங்குவது, கழிவறை, பாதுகாப்பு. இந்த மூன்றையும் சொல்லி எத்தனை வேலைகளிலிருந்து நம்மை ‘அக்கறையோடு’ விலக்கியிருக்கிறார்கள் என்று நம் வாசகிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.)

1938இல் போலந்துக்காரரான ஜெர்சி நெய்மன் பெர்க்லிக்கு வந்து புள்ளியியல் ஆய்வகம் தொடங்கியிருந்தார். அங்கே பெண்களுக்கு வேலை இருந்தது. எவ்லின் ஃபிக்ஸ், ஜூலியா ராபின்சன் போன்றோரும் அங்கே வேலை செய்தவர்களே. ஸ்காட் அங்கே போய்ச் சேர்ந்தார். தொலைநோக்கியின் கதவு மூடியிருந்ததால் எண்ணுகிறவர்களின் அறைக்கு வந்தவர் என்று இதைச் சொல்லலாம். ‘தோல்வியே வரமானது’ என்று எழுதினால் கதை இனிக்கும். நான் அப்படி எழுதமாட்டேன். கதவு மூடப்பட்டது அநியாயம், அவ்வளவுதான். அந்த அறையில் அவர் என்ன செய்தார் என்பது வேறு விஷயம்.

1949இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி, ஒருவகை இரட்டை நட்சத்திரங்களைப் பற்றியது. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று நெருக்கமாகச் சுற்றிவரும்போது தொலைநோக்கியிலும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். ஒளியைப் பிரித்து நிறமாலையாகப் பார்த்தால், அதிலுள்ள கோடுகள் முன்னும் பின்னும் அசையும். அதை வைத்துத்தான் அங்கே இருப்பது இரண்டு என்று கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் சுற்றுப்பாதை நமக்கு நேராகத் தட்டையாக இருந்தால் கோடுகள் அசையாது. சுற்று மிக நீண்டதாக இருந்தால் அசைவு கண்ணில் படாது. சில தகடுகளே எடுத்திருந்தால் அந்த நேரத்தில் தற்செயலாக எதுவும் நடக்காமல் போகலாம். ஆகவே வானியலாளர்கள் கையில் இருக்கும் இரட்டை நட்சத்திரப் பட்டியல், வானத்தில் இருக்கும் இரட்டை நட்சத்திரங்களின் பட்டியல் ஆகாது. அது கண்டுபிடிக்கப்பட வாய்ப்பிருந்தவற்றின் பட்டியல். எது கண்ணில் படும், எது படாது என்பதற்கே ஒரு கணக்கு வேண்டும் என்பது ஸ்காட்டின் வாதம். தொலைநோக்கிக்கு அருகே விடப்படாத பெண் எழுதிய ஆய்வேடு இது. ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைக்காமல் படிக்கவும் என்னால் முடியவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு நெய்மனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை புள்ளியியல் மாணவிகளுக்குத் தெரிந்திருக்கும். எளிமையாகச் சொன்னால் இப்படி: ஒவ்வொரு நட்சத்திரத்தையும் இரண்டே முறை அளக்கிறோம். நம் கருவி எவ்வளவு பிசகுகிறது என்று அறியவேண்டும். அன்று எல்லோரும் நம்பிய முறையில் கணக்குப் போட்டால், பிசகின் வேரியன்ஸ் உண்மையில் இருப்பதில் பாதிதான் விடையாக வரும். நட்சத்திரங்களின் எண்ணிக்கையை நூறிலிருந்து கோடியாக்கினாலும் பாதிதான் வரும். ஏனென்றால் ஒவ்வொரு புதிய நட்சத்திரமும் தன்னோடு தெரியாத ஓர் அளவையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நிறையச் சேகரித்தால் உண்மை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. தரவு கூடக் கூட, தவறான விடையில் நமக்கு உறுதி கூடுகிறது.

பிறகு 1952இல் இருவரும் கேலக்ஸிகள் வானத்தில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதற்கு ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். கூட்டங்களின் மையங்கள் தற்செயலாக விழுகின்றன. ஒவ்வொரு மையத்தைச் சுற்றியும் எத்தனை கேலக்ஸிகள், எவ்வளவு தள்ளி என்பதும் தற்செயல். அதை லிக் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்க்க ஷேனும் சேர்ந்துகொண்டார். 1954இல் ஸ்காட்டும் ஷேனும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். மாதிரியின்படி ஒரு கற்பனை வானத்தைக் கணக்கிட்டு உருவாக்கி, அதை உண்மையான தகட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இன்று கணினியில் பிரபஞ்சத்தையே செய்து பார்க்கிறவர்களுக்கு இது முன்னோடி. இந்தக் கூட்டு வேலையில் எனக்குப் பிடித்தது, எண்ணியவர்களே கேள்விக்கு உள்ளானதுதான். ஷேன் எண்ணினால் ஒரு தொகை, விர்ட்டனன் எண்ணினால் வேறு தொகை. அதே ஆள் வேறொரு நாள் எண்ணினாலும் வேறு. இதைக் குறையாக மறைக்காமல் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். பார்ப்பவருக்கும் ஒரு பிழை உண்டு என்பதை வானாய்வகத்தின் தலைவரான ஷேனே ஏற்று உட்கார்ந்த கூட்டுறவு அது. அடிக்கடி நடப்பது அப்படியில்லை. ‘நான் பார்த்துவிட்டேன், நீ வந்து பிழையளவை மட்டும் போட்டுக்கொடு’ என்று கணக்குப்பிள்ளையை அழைக்கும் தோரணையே அதிகம்.

1957இல் ஸ்காட் தனியாக எழுதிய கட்டுரை இதைவிட முக்கியம். பிரபஞ்சம் விரியும் வேகம் மாறுகிறதா என்று அறிய, மிகத் தொலைவிலுள்ள கேலக்ஸிக் கூட்டங்களின் தூரம் தெரியவேண்டும். அதற்கு வானியலாளர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஒவ்வொரு கூட்டத்திலும் மிகப் பிரகாசமான கேலக்ஸியை எடுத்துக்கொள்வது, அவை எல்லாம் ஏறத்தாழ ஒரே பிரகாசம் என்று கொள்வது, எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அவ்வளவு தூரம் என்று கணிப்பது. ஸ்காட் கேட்டார்: தூரத்துக் கூட்டங்கள் உங்கள் கண்ணில் பட்டது எப்படி?

பேருந்தில் போகும்போது தூரத்து ஊர்களைக் கோபுரத்தை வைத்து அடையாளம் காண்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் ஊர்களில் சிறு கோபுரமும் தெரியும். தொலைவு கூடக் கூட, உயர்ந்த கோபுரம் உள்ள ஊர் மட்டும்தான் கண்ணில் படும். சின்னக் கோபுரம் உள்ள ஊர் இருப்பதே தெரியாது. இப்போது எல்லாக் கோபுரங்களும் ஒரே உயரம் என்று வைத்துக்கொண்டு தூரத்தைக் கணித்தால் என்ன ஆகும்? தொலைவிலுள்ள ராட்சதக் கோபுரத்தைச் சாதாரணக் கோபுரம் என்று எண்ணி, ஊர் பக்கத்தில் இருப்பதாக நினைப்போம். தூரத்தைக் குறைத்து மதிப்பிடுவோம். கேலக்ஸிக் கூட்டங்களிலும் இதுதான் நடக்கும் என்றார் ஸ்காட். தொலைவில் பெருங்கூட்டங்கள் மட்டுமே கண்டுபிடிக்கப்படும், பெருங்கூட்டத்தின் முதல் கேலக்ஸி சராசரியைவிடப் பிரகாசமாக இருக்கும். இதற்கு ‘ஸ்காட் விளைவு’ என்று பெயர் வந்தது. அதன் அளவு பெரிதா சிறிதா என்று நீண்ட காலம் விவாதித்தார்கள். கேள்வி மட்டும் போகவில்லை.

இந்தக் கட்டுரையின் தலைப்பை அங்கிருந்துதான் எடுத்தேன். நம் சாதனைப் பெண்கள் புத்தகங்களிலும் ஒரு ஸ்காட் விளைவு இருக்கிறது. காலத்தால் நமக்கு அருகில் இருக்கும் பெண் விஞ்ஞானிகளில் சாதாரணமானவர்களையும் நமக்குத் தெரியும். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், ஆய்வுக்கூடத்தில் பத்தாவது ஆளாக இருப்பவர், குழந்தை பிறந்தபின் பாதியில் விட்டவர். நூறு ஆண்டுகளுக்கு அப்பால் லெவிட்டும் பெய்னும் மட்டுமே தெரிகிறார்கள். அந்த எண்பது பேரில் மற்றவர்கள் தெரிவதில்லை. அந்த இருவரை அளவுகோலாக வைத்து, ‘அந்தக் காலத்திலேயே பெண்கள் இவ்வளவு சாதித்திருக்கிறார்கள், திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது’ என்று எழுதுகிறோம். இது அதே பிழை. ராட்சதக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு ஊர் பக்கம் என்று நினைப்பது. 1900 நமக்கு இருப்பதைவிட அருகில் தெரிகிறது. பெண்களை எவ்வளவு தூரம் தள்ளி வைத்திருந்தார்கள் என்பது குறைந்து போகிறது. ஊக்கம் தரும் புத்தகம் என்று நாம் கொடுப்பது, ‘தடை பெரிதில்லை, நீதான் போதவில்லை’ என்று ஒரு சராசரி மாணவியிடம் சொல்லிவிடக்கூடும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வானியலாளர்கள் ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளை எக்ஸ்ரே கருவியால் பார்க்கும்போது, பல சமயம் எதுவும் தென்படாது. அப்போது கிடைக்கும் தகவல் ‘இதன் ஒளி இந்த அளவுக்குக் கீழே’ என்பது மட்டுமே. இப்படிப்பட்டவற்றைத் தரவு என்றே கருதாமல் ஒதுக்கிவிட்டு, தெரிந்தவற்றை மட்டும் வைத்து முடிவு சொல்லும் பழக்கம் இருந்தது. மருத்துவப் புள்ளியியலாளர்களுக்கு இதே சிக்கல் வேறு உருவில் ஏற்கெனவே பழக்கம். ஆய்வு முடியும்வரை உயிரோடு இருந்த நோயாளியின் ஆயுள் தெரியாது, இத்தனை ஆண்டுக்கு மேல் என்பது மட்டும் தெரியும். அவரைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டால் விடை பொய்யாகிவிடும். 1958இல் கேப்லனும் மையரும் தந்த முறை இதற்குத்தான். 1980களின் நடுவில் எரிக் ஃபைகல்சன் போன்ற வானியலாளர்கள் அதை வானியலுக்குக் கொண்டுவந்தார்கள். அவரும் புள்ளியியலாளர் ஜோகேஷ் பாபுவும் பென்சில்வேனியாவில் நடத்திய கூட்டங்கள், பிரிந்த இரு வீட்டாரையும் மறுபடி ஒரே கூடத்தில் உட்காரவைத்தன. தென்படாதது பூஜ்யம் ஆகிவிடாது என்ற இந்தப் பாடம் பெண் வரலாறு எழுதுகிறவர்களுக்கும் வேண்டும். ‘அந்தக் காலத்தில் இந்தத் துறையில் பெண்கள் இல்லை’ என்று எழுதும் இடங்களில் ‘நம்மிடம் உள்ள ஆவணத்தின் கண்ணுக்கு எட்டும் அளவுக்கு மேல் யாரும் தெரியவில்லை’ என்று எழுதினால்தான் சரி. நீட்டி முழக்குவதுபோலத் தோன்றலாம், ஆனால் நேர்மை அதுதான்.

புள்ளியியலாளர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. நெய்மன்–ஸ்காட் கட்டுரைகளின் கணிதம் கடுமையானது. வானியலாளர்கள் படிக்கும் மொழியில் அதைக் கொடுக்க அவர்கள் போதிய முயற்சி எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1970களில் ஜிம் பீபிள்ஸ் அதே லிக் எண்ணிக்கையை எடுத்து, இன்னும் எளிமையான ஒரு கருவியால் ஆராய்ந்தபோது துறை முழுக்க அவர் பின்னால் போனது. பழைய மாதிரி தூசி படிந்து கிடந்தது. 2000ஐ ஒட்டி ‘ஹேலோ மாதிரி’ என்ற பெயரில் ஏறத்தாழ அதே யோசனை திரும்பி வந்தது, இம்முறை கேலக்ஸிகளைச் சூழ்ந்துள்ள இருண்ட பொருளை மையமாகக் கொண்டு. 2002இல் வெளியான விரிவான திறனாய்வுக் கட்டுரை ஒன்று இதன் வேர் 1952இல் இருக்கிறது என்று முறையாகச் சுட்டியது. ஐம்பது ஆண்டுகள்.

அதற்குள் ஸ்காட் வேறொரு பட்டியலைக் கையில் எடுத்திருந்தார். 1968இல் பெர்க்லி புள்ளியியல் துறையின் தலைவரானார். பல்கலைக்கழகத்தில் பெண் ஆசிரியர்களின் நிலையை ஆராயும் குழுவை மானுடவியலாளர் எலிசபெத் கோல்சனோடு சேர்ந்து நடத்தினார். அறிக்கை 1970இல் வந்தது. பிறகு சம்பளத்துக்கு வந்தார். 1977இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கத்துக்காக ஒரு கையேடு தயாரித்தார். எந்தக் கல்லூரியும் தன் சம்பளப் பட்டியலைத் தானே சோதித்துக்கொள்ளும் வழி அதில் இருந்தது. முறை இதுதான்: வெள்ளை ஆண் ஆசிரியர்களின் படிப்பு, அனுபவம், துறை ஆகியவற்றிலிருந்து அவர்களுடைய சம்பளத்தைக் கணிக்கும் ஒரு சமன்பாட்டை முதலில் அமைப்பது. பிறகு அதே சமன்பாட்டில் ஒவ்வொரு பெண்ணின் விவரத்தையும் போட்டு, இவர் ஆணாக இருந்திருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார் என்று பார்ப்பது. அந்தத் தொகையிலிருந்து அவர் கைக்கு வரும் தொகையைக் கழிப்பது. ‘பெண்களுக்கு இது நல்ல சம்பளம்தானே’ என்று ஃப்ளெமிங்குக்குச் சொல்லப்பட்ட பதிலுக்கு 77 ஆண்டு கழித்து வந்த மறுமொழி இது. காஸும் லெஜாந்தரும் வால்மீனுக்கும் சிறுகோளுக்கும் செய்ததுதான் இதிலும் நடக்கிறது. பெண்ணின் சம்பளப் பாதை எங்கே இருக்கவேண்டும் என்று கணித்து, எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு, அதைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. சமன்பாட்டில் பதவியையும் சேர்க்கலாமா? உதவிப் பேராசிரியர்களுக்குள் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்குகிறார்கள் என்று நிர்வாகம் காட்டும். பெண்ணை ஏன் பதினைந்து ஆண்டாக உதவிப் பேராசிரியராகவே வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் வராது. பாகுபாட்டின் விளைவாக வந்த பதவியையே விளக்கமாகக் காட்டினால் பாகுபாடு மறைந்துவிடும். கணக்கில் தவறே இருக்காது. ‘புள்ளிவிவரம் பொய் சொல்லாது’ என்று கூட்டங்களில் யாராவது ஆரம்பித்தால், எதையெல்லாம் சமன்பாட்டுக்குள் போட்டீர்கள் என்று கேட்கும் அளவுக்காவது நம் மாணவிகள் புள்ளியியல் படிக்கவேண்டும். இலக்கியம் படிக்கிறவர்களும்தான்.

இன்று ஸ்காட்டின் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்றை அறிந்தவர்களுக்கு மற்றொன்று தெரிவதில்லை. புள்ளியியலில் பெண்களுக்கு வழிவகுத்தவர்களுக்கு 1992 முதல் அவர் பெயரில் ஒரு விருது தருகிறார்கள். இன்னொன்று, காட்டு மரங்களின் பரவலையும் மழைப்பொழிவையும் ஆராய்கிறவர்கள்கூடப் பயன்படுத்தும் ‘நெய்மன்–ஸ்காட் செயல்முறை’. பாடப்புத்தகத்தில் முதற்பெயர் இருக்காது. அந்த இரண்டாவது பெயர் ஒரு பெண்ணுடையது என்று படிக்கிறவளுக்குத் தெரிய வழியில்லை. ‘பெண்’ என்ற அடையாளத்தோடு தெரியும் இடத்தில் அவர் விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானியாகத் தெரியும் இடத்தில் அவர் பெண் இல்லை. மார்கரெட் பர்பிட்ஜ் 1971இல், பெண்களுக்கு மட்டுமே தரப்பட்ட ஆனி கேனன் பரிசை வேண்டாமென்று மறுத்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். தனிப் பட்டியலில் இருப்பதும் சிக்கல், பொதுப் பட்டியலில் கரைவதும் சிக்கல்.

அடுத்த பதிப்பில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ ஸ்காட்டைச் சேர்த்துவிடுவது பதிப்பாளர்களுக்கு எளிது. நான்கு பக்கம், ஒரு புகைப்படம். அதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தப் புத்தகங்களின் முன்னுரையில் ஒரு பத்தி வேண்டும் என்கிறேன். இந்தப் பெயர்களை எங்கிருந்து எடுத்தோம், ஹார்வர்டில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த இடத்தில் நாம் எத்தனை பேரைப் பற்றி எழுதுகிறோம், மற்றவர்கள் ஏன் நம் கைக்கு வரவில்லை என்று அதில் இருக்கவேண்டும். லெவிட்டின் பக்கத்தில் ‘பொறுமை’ என்ற சொல்லையும் அடித்துவிடலாம்.